பகல்ல பரி, ராத்திரியில நரி

வாடா பேராண்டி, வா. அந்தக் கண்ணாடிச் சீசாவை இப்படித் திண்ணை மேல வையி. ஓரத்துல வைக்காத, ஆட்டுக்குட்டி முட்டித் தள்ளிரும். என்னமோ பேரு சொன்னியே, டெர்ரேரியமா? எனக்குக் காது மந்தம்டா, 'டெரர்'னு விழுந்துச்சு. கண்ணாடியைத் தொடச்சுட்டு உள்ள பாத்தா என்ன இருக்கு? கொஞ்சம் பாசி, ரெண்டு பெரணி, கோணல்மாணலா ஒரு கட்டை. இம்புட்டுத்தானா? நம்ம பழைய கிணத்துச் சுவத்துல இதெல்லாம் தன்னால முளைச்சுக் கிடக்கு. அதுக்கு யாரும் பேரும் வைக்கலை, லைட்டும் போடலை.

வெலை கேட்டா ரெண்டாயிரத்து ஐந்நூறுங்குற. அதுல கட்டை மட்டும் நானூறாம். கையில வாங்கித் திருப்பிப் பாத்தேன். வேலிக்கருவை வேரு! ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குற சாமான். அதை ஒருத்தன் கழுவி, மினுக்கி, இங்கிலீசுல ஒரு பேரு வச்சு உன் தலையில கட்டியிருக்கான். அவனைக் குத்தஞ் சொல்லமாட்டேன். அவன் பொழைக்கத் தெரிஞ்சவன்.

இப்பச் சூதானமாயிட்டியாக்கும். 'காசு குடுத்து வாங்க மாட்டேன் தாத்தா, காட்டுக் கட்டையை நானே பொறுக்கிக்கிருவேன்'னு வந்து நிக்கிற. பொறுக்கு. போன ஐப்பசியில பொறுக்குனது மறந்து போச்சா?

கண்மாய்க்கரைப் புளியமரத்துல இருந்து முறிஞ்சு விழுந்த கொம்பு அது. பொந்து விழுந்து, பாசி படர்ந்து, பாக்கச் சோக்காத்தான் இருந்துச்சு. 'இயற்கை தாத்தா, அப்படியே வைக்கணும், கழுவுனா அழகு போயிரும்'னு வசனம் பேசிக்கிட்டுத் தூக்கிட்டுப் போன. மதுரையில உங்க வீட்டு டிவி ஸ்டாண்டுல வச்ச. உள்ள ஈரம், மேல லைட்டுச் சூடு. மூணாம் நாள் ராத்திரி உங்கம்மா எனக்குப் போன் போட்டா. அழுகுறாளா, ஏசுறாளான்னு வெளங்கலை. பொந்துக்குள்ள இருந்து கட்டெறும்பு முட்டையும் கையுமா ஊர்வலம் கிளம்பி ஸ்விட்ச் போர்டு வரைக்கும் போயிருச்சாம். ஊர்வலம் முடிஞ்ச பொறகு, மாப்பிள்ளை கணக்கா ஒரு சாண் பூரான் மெதுவா இறங்கி வந்துச்சாம். உங்கப்பன் கட்டில் மேல ஏறி நின்னவன் விடியுற வரைக்கும் இறங்கலையாம்.

நீ எந்த ஊரு வித்துன்னு நெனப்பு இருக்கா? திருவாதவூரு. மாணிக்கவாசகர் பொறந்த மண்ணு. இந்த ஊருக்காரனுக்குப் புதுச் சரக்கை எப்படி வாங்கணும்னு யாராவது பாடம் எடுக்கணுமா? அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிட்டு வரச்சொல்லி நம்ம ஊரு மந்திரி கையில பொன்னைக் குடுத்து அனுப்புனான். அவரு திருப்பெருந்துறையில கோயிலைக் கட்டிட்டாரு. சாமி என்ன செஞ்சாரு? காட்டு நரியையெல்லாம் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டிக்கிட்டு வந்தாரு. என்னா மினுமினுப்பு, என்னா நடை! ராசா சொக்கிப் போனான். கயிறு மாத்தி வாங்குனான். பழைய குதிரை நிக்கிற லாயத்துலயே கொண்டுபோய்க் கட்டச் சொன்னான். நடுச்சாமத்துல ஊளை. அம்புட்டும் திரும்ப நரி. புதுசு போனது போச்சு, பழைய குதிரையையும் கடிச்சுக் கொதறிட்டு ஓடிருச்சு. ஆவணி மூலத்துக்கு இன்னைக்கும் மதுரையில இந்த லீலையை நடத்துறாக. நீ அங்க பொரிகடலை திங்கத்தான் போற.

சாமி காரியத்துல குத்தம் சொல்ற அளவுக்கு எனக்கு வயசாகலை. ராசா காரியத்துல சொல்லலாம்ல? புதுக் குதிரையைத் தனிக் கொட்டகையில கட்டி ஒரு ராத்திரி பாத்திருந்தா, பழைய குதிரையாவது மிஞ்சியிருக்குமா இல்லையா? சந்தையில மாடு பிடிச்சுட்டு வந்தா உங்க அப்பத்தா நேரா தொழுவத்துல விடுவாளா? வேப்பமரத்தடியில தனியா கட்டுவா. வாயில நுரை தள்ளுதா, குளம்புல புண்ணு இருக்கான்னு தெனம் காலையில பாப்பா. கோமாரி கீமாரி இல்லைன்னு மனசு அடங்குன பொறகுதான் மத்த மாட்டோட சேப்பா. அவ பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்லை.

காட்டுல கிடக்குறதை நீ கட்டைன்னு பாக்குற. உள்ள குடியிருக்கிறவுக அதை வீடுன்னு பாக்குறாக. பட்டைக்கு அடியில மரவட்டை. பொந்துல பூரான். பாசியில நத்தை முட்டை. நடு வயித்துல வண்டுப் புழு. இவரு பெரிய ஆளு. மரத்துல இருக்குற மாவுச்சத்தைத் தின்னுக்கிட்டு மாசக்கணக்குல, சிலது வருசக்கணக்குல, உள்ளயே கிடப்பாரு. வளர்ந்து வெளிய வர்ற அன்னைக்குத்தான் உனக்குக் குண்டூசி ஓட்டை தெரியும், முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி தூள் கொட்டிக் கிடக்கும். அதுக்குள்ள அவரு உங்க வீட்டு நாற்காலிக்கால்ல அடுத்த முட்டையை வைக்க இடம் பாத்திருப்பாரு.

கரையானைப் பத்தி நான் சொல்லணுமா? தில்லையில தேவார ஏட்டைப் பூட்டி வச்சிருந்த அறையை ராசராசன் திறக்கச் சொன்னப்ப, உள்ள புத்து மூடிக் கிடந்துச்சுன்னு சொல்லுவாக. அரிச்சது போக மிஞ்சுனதுதான் இன்னைக்கு ஓதுவார் பாடுறது. மூவர் பாட்டுக்கே மரியாதை குடுக்காத சென்மம், தவணையில வாங்குன உங்க ப்ளைவுட் அலமாரிக்கா குடுக்கப் போகுது?

சரி, பூரான் வந்துச்சு, உங்கம்மா ஏசுனா. நீ திருந்துனியா? அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்குத் தாவுன. அடுத்த கட்டையைப் பிளீச்சுல மூணு நாள் ஊறப் போட்ட. பொறகு அடுப்புல அவிச்ச. பொறகு ஓவன்ல சுட்ட. பொறகு ப்ரீசர்ல மீனுக்குப் பக்கத்துல படுக்கப் போட்ட. மறுபடி எடுத்துச் சுட்ட. அந்தக் கட்டை என்னடா கொலைக்குத்தமா பண்ணுச்சு? கையில உறை, வாயில முகமூடி, மூக்குல கிளிப்பு. ஏதோ ஆப்ரேசன் தியேட்டர்னு நெனச்சு உங்க அப்பத்தா செருப்பைக் கழட்டிட்டு வந்து எட்டிப் பாத்தா.

அதோட விட்டியா? உசுரு ஒண்ணுகூட மிச்சமில்லாமக் கொன்னு முடிச்ச மறுநாளு கூரியர்ல ஒரு டப்பா வந்துச்சு. என்னடான்னா, பூச்சியாம்! ஸ்பிரிங்டெயில்னு ஒரு இனம், ஐசோபாட்டுன்னு இன்னொரு இனம். டப்பாவைத் திறந்து பாத்தேன். ஒண்ணு, சாணிக்குப்பையைக் கிளறுனா வெள்ளையா எள்ளுப்பொடி மாதிரி துள்ளுமே, அது. இன்னொண்ணு, செங்கல்லைப் புரட்டுனா உருண்டையாச் சுருண்டுக்கிருமே, அது. ஓசியில வந்த பூச்சியைக் கொன்னுட்டு, காசு குடுத்துப் பூச்சி வாங்குன மகராசன் நம்ம வம்சத்துலதான் பொறந்திருக்கான்னு அன்னைக்கு ரெண்டு வாய் சோறு கூடவே தின்னேன்.

ராத்திரி கயித்துக் கட்டில்ல படுத்து யோசிச்சப்பதான், நீ செஞ்சது அப்படியொண்ணும் கிறுக்குத்தனம் இல்லைன்னு பட்டுச்சு. கட்டையை அவிச்சு ஈரத்துல வச்சா பூசணம் பூக்கும். அந்தப் பூசணத்தை மேயுறது துள்ளுற பூச்சி. உதிர்ற இலையைத் தின்னு மண்ணாக்குறது சுருளுற பூச்சி. ரெண்டும் பச்சைச் செடிக்குப் பெருசா கெடுதல் பண்ணாது. களவாணியை விரட்டிட்டுக் காவக்காரனுக்குச் சம்பளம் குடுக்குற கதைதான் அது. குப்பைமேட்டுல இருக்குறதையே அள்ளிப் போட்டா என்னன்னா, காவக்காரனோட அவன் கூட்டாளி பத்துப் பேரும் சேந்து வருவாய்ங்ய. ஆக, அந்த டப்பாவுக்கு நீ குடுத்த காசு தண்டமில்லை. பிளீச்சுக்குக் குடுத்ததுதான் தண்டம். கட்டை அதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சு வச்சுக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமாக் கக்கும். பூச்சிமருந்து அடிச்சா இன்னும் மோசம். நீ சம்பளம் குடுத்து வச்ச காவக்காரன்தான் மொதல்ல சாவான்.

கட்டைக்கு வேண்டியது சூடு. அம்புட்டுத்தான்.

தூத்துக்குடித் துறைமுகத்துல சரக்குக்கு அடியில போடுற பேலட் பலகையைப் பாத்திருக்கியா? அதுல கதிர் மாதிரி ஒரு முத்திரை குத்தி, எச்.டி.ன்னு ரெண்டு எழுத்துப் போட்டிருக்கும். மரத்தோட நடு வயிறு வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி, இறங்காம 30 நிமிசம் நின்னுருக்குன்னு அர்த்தம். 2002ல உலக நாடுகள் கூடி வச்ச விதி. ஏன் வச்சாகன்னா, அதுக்கு முந்தி பட்டபாடு அப்படி. 1996ல நியூயார்க்குல புரூக்ளின் பக்கம் தெருமரமெல்லாம் துளை விழுந்து நின்னுச்சு. என்னன்னு பாத்தா, நீளக் கொம்பு வச்ச ஒரு வண்டு. சீனாவுல இருந்து சரக்கு வந்த மரப்பெட்டிக்குள்ள புழுவாப் படுத்துக்கிட்டுப் போனது. அதை ஒழிக்க ஆயிரக்கணக்குல மரத்தை வெட்டிப் பொடியாக்குனாக.

56 டிகிரிங்கிறது நீ ஊதி ஊதிக் குடிக்கிற காப்பிச் சூடுதான். அதுக்கா ஓவனும் ஒப்பாரியும்? ஆனா 'நடு வயிறு வரைக்கும்'ங்கிறதைக் கவனி. அங்கதான் உன்னை மாதிரி அவசரக்காரன் கோட்டை விடுவான். மேல வெந்நியை ஊத்திட்டு 'முடிஞ்சுச்சு தாத்தா'ம்பான். தோல்ல சூடு, வயித்துல குளுமை. புழுவுக்கு அது குற்றாலக் குளியல்.

அதனால கட்டையைத் தண்ணியில முங்கப் போட்டு அவி. மிதக்கும், மேல அம்மிக் குழவியை வச்சு அமுக்கு. உன் மணிக்கட்டு மொத்தம்னா கொதி வந்த பொறகு ஒரு மணி நேரம். தொடை மொத்தம்னா ரெண்டு மூணு மணி நேரம். தண்ணி கடுங்காப்பி நெறத்துக்கு வரும், பயப்படாத, அது மரத்தோட துவர்ப்பு. அதைக் கொட்டிட்டுப் புதுத்தண்ணி ஊத்தி இன்னொரு கொதி விடு. உரியுற பட்டையை உரிச்சுப் போட்டுரு. விரலால அமுக்குனா பொதபொதன்னு உள்ள போற கட்டையை அவிக்கவே வேணாம், அடுப்புக்குக் குடு. அவிச்சதை நாலு நாளு மொட்டைமாடி வெயில்ல போடு. நம்ம ஊரு சித்திரை வெயிலு சும்மாதானே கிடக்கு.

ஓவன்தான் வேணும்னா 100 டிகிரியைச் சுத்தி வச்சு, ஒரு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பாரு. வச்சுட்டு செல்போனைத் தூக்கிட்டுப் போயிராத. மைக்ரோவேவ்ல வச்சிராத, உள்ளுக்குள்ளயே தீப்பிடிக்கும். அவிக்கிறதுக்கு முந்தி என்ன மரம்னும் பாரு. அரளின்னா கையாலயே தொடாத. அதோட ஆவியும் ஆகாது, புகையும் ஆகாது. கண்மாய்ல எடுத்த கூழாங்கல்லையும் சேத்து அடுப்புல ஏத்துறியாமே? கல்லுக்குள் ஈரம்னு சொல்றதைச் சினிமாப் பேருன்னு மட்டும் நெனச்சுட்டியா? உள்ள இருக்குற ஈரம் சூடேறி ஆவியானா கல்லு வெடிக்கும். கல்லைத் தேச்சுக் கழுவி வெயில்ல போட்டாப் போதும்.

ப்ரீசர் யோசனை தப்புன்னு சொல்லமாட்டேன். மியூசியத்துல பழைய மரச்சாமானையும் புத்தகத்தையும் அப்படித்தான் காப்பாத்துறாக. மைனஸ் 20 டிகிரியில ஒரு வாரம் வைப்பாக. அங்க அதுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு. உங்க வீட்டு ப்ரீசர்ல உங்கம்மா வஞ்சிர மீனை வச்சிருக்கா. நாளைக்கு நாலு தடவை கதவைத் திறக்குறா, கரண்டு ரெண்டு தடவை போகுது. புழு 'கொடைக்கானலுக்கு வந்தோம், போறோம்'னு எந்திரிச்சு வந்துரும்.

எங்க காலத்துல ஆசாரி வேற மாதிரி செய்வாரு. வெட்டுன மரத்தைக் கண்மாய்ச் சேத்துக்குள்ள மாசக்கணக்குல பொதைச்சுப் போட்டு வைப்பாரு. மூங்கிலா இருந்தா தண்ணிக்குள்ள முக்கி வைப்பாரு. எடுக்கும்போது நாத்தம் கொடலைப் பிடுங்கும். மரத்துல இருந்த மாவும் இனிப்பும் தண்ணியில இறங்கிப் போயிருக்கும். நெல்லு இல்லாத குதிருக்கு எலி என்னத்துக்கு வரும்? அந்த உத்திரம் ரெண்டு தலைமுறை ஆடாம நின்னுச்சு. தேய்பிறையிலதான் மரம் வெட்டணும்னும் சொல்லுவாரு. அது வண்டுக்குத் தெரியுமோ என்னமோ, ஆசாரிக்கு மாசத்துல பாதி நாளு ஓய்வு கிடைச்சுச்சு.

கட்டையை அவிச்சுட்ட. செடியை என்ன பண்ணுவ? அவிச்சா அது கீரைக்கூட்டு.

செடிக்கு வேண்டியது குளிப்பும் பொறுமையும். பச்சைப் புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி வேர்ல ஒரு பொட்டு மண்ணு இல்லாம அலசு. மண்ணுலதான் பாதி வில்லங்கம் இருக்கு. பொறகு ஒரு வாளித் தண்ணியில முழுசா முக்கி வையி. எறும்பும் சிலந்தியும் மூச்சு முட்டி மேல வரும். இலைக்கு அடியில திருப்பிப் பாரு. பஞ்சு ஒட்டுன மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சால தொட்டுத் தொட்டு எடு. கெட்டி இலைச் செடின்னா இருபது பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு பிளீச்சு கலந்து ரெண்டு நிமிசம் முக்கி, நல்ல தண்ணியில நாலு அலசு அலசலாம். பாசியையும் பெரணியையும் அதுக்குள்ள விட்டுராத, வெளுத்துப் போகும். பாசிக்கு ரெண்டு நாளு பச்சைத் தண்ணியில ஊறுனாப் போதும். பிளீச்சோட கக்கூஸ் கழுவுற ஆசிட்டு சேந்துறாமப் பாத்துக்க, கெளம்புற வாயு உன் நெஞ்சைப் பிடிச்சிரும்.

குளிச்சது போதுமா? போதாது. முட்டை சாகாது. அதனால ஒரு வாரம் கழிச்சு மறுபடி குளிப்பாட்டு, அதுக்கடுத்த வாரம் மறுபடி. ஒரு மாசம் தனிச் சீசாவுல வேற ரூம்புல கிடக்கட்டும். ஏன் மூஞ்சி சுண்டுது? ஒரு மாசம் காத்திருன்னா வலிக்குதா? 2020ல சென்னையில இருந்து வந்த உன்னை மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில பதினாலு நாளு போட்டு, சன்னல் வழியாச் சோறு குடுத்தோம்ல, அதேதான். மனுசனுக்குப் பதினாலு, செடிக்கு முப்பது. செடி உன்னை மாதிரி கத்தாது.

இந்தக் கண்ணாடிப் பெட்டி எப்படி வந்துச்சுன்னாவது தெரியுமா உனக்கு? 1829ல லண்டன்ல வார்டுன்னு ஒரு டாக்டரு. ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோட சீசாவுல போட்டு மூடி வச்சாரு, பூச்சி வெளிய வர்றதைப் பாக்கணும்னு. மண்ணுல இருந்து பெரணி ஒண்ணும் புல்லு ஒண்ணும் முளைச்சுச்சு. லண்டன் கரிப்புகையில அவரு தோட்டத்துப் பெரணியெல்லாம் செத்துக்கிட்டு இருந்துச்சு, மூடுன சீசாவுக்குள்ள மட்டும் சொகமா வளந்துச்சு. அடடான்னு பெட்டி செஞ்சாரு. 1833ல அந்தப் பெட்டியில செடியை வச்சு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்ல அனுப்புனாரு, உசுரோட போய்ச் சேந்துச்சு. பூச்சி பாக்க வச்ச சீசாவுலதான் உங்க டெர்ரேரியமே பொறந்துச்சு. நீ பூச்சியைக் கண்டா மூக்குல கிளிப்பு மாட்டுற.

அந்தப் பெட்டியிலதான் சீனத்துத் தேயிலைக் கன்னு இந்தியாவுக்கு வந்துச்சு. செடி அங்கிட்டும் இங்கிட்டும் பறக்க ஆரம்பிச்ச பொறகு, செடியோட நோவுக்கும் ஓசி டிக்கெட்டு. இலங்கையில காப்பித் தோட்டம் ஓகோன்னு இருந்துச்சு. 1869ல இலையில துருநோய் கண்டுச்சு, பத்திருபது வருசத்துல காப்பி அம்புட்டும் காலி. அந்த மலையில தேயிலை ஏறுச்சு. வந்த செடியை நிறுத்தி வச்சுப் பாக்கணும்னு அப்பச் சட்டம் இல்லை. இந்தியாவுலயே அதுக்குச் சட்டம் வந்தது 1914ல. ஆனா அந்தத் தோட்டத்துல கொழுந்து கிள்ளப் போன நம்ம சனத்தை என்ன பண்ணுனாக தெரியுமா? மண்டபம் கேம்ப்புல நாள்கணக்குல நிறுத்தி வச்சு, அம்மை ஊசி குத்தி, காய்ச்சல் இருக்கா, வயித்தால போகுதான்னு பாத்த பொறகுதான் கப்பலேத்துனாக. இன்னைக்கும் ரயில்வே டேசன்ல மண்டபம் கேம்ப்னு பேரு நிக்குது. வெள்ளைக்காரன் மனுசனை நிறுத்திப் பாத்த அக்கறையைக் கொஞ்சம் செடிகிட்டயும் காட்டியிருக்கலாம்.

'எங்க வீட்டுச் சீசாதானே, என் இஷ்டம்'ங்கிறியா? உன்னை மாதிரி ஒரு ஆளாலதான் நத்தை வந்துச்சு. 1847ல பென்சன்னு ஒரு வெள்ளைக்காரரு. சிப்பி, நத்தை மேல அவருக்கு ஒரு பித்து, உனக்குக் கட்டை மேல இருக்குற மாதிரி. மொரீசியஸ்ல இருந்து ஆப்பிரிக்க நத்தையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தாரு, அது அங்க ஒரு தோட்டத்துல இறங்குச்சு. உள்ளங்கை அகலம் இருக்குமே, வாழை, பப்பாளி, காய்கறின்னு பேதம் பாக்காமத் திங்குமே, அதோட பூட்டன் கதை இதுதான். 2008ல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்துச்சு. அது மெக்சிகோக்காரன். பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு வெள்ளையடிச்ச மாதிரி ஆக்கிருச்சு. மருந்தடிச்சு மருந்தடிச்சு ஓஞ்சு போய், கடைசியில 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கொசுவைவிடப் பொடியான குளவியைக் கொண்டுவந்து விட்ட பொறகுதான் அடங்குச்சு. பாத்தியா, அங்கயும் வெளியில இருந்து பூச்சியை வரவழைச்சுத்தான் பூச்சியை அடக்குனாக.

நத்தம் பக்கம், கரந்தமலை அடிவாரம், 2022. கோயமுத்தூருக்கெல்லாம் போகவேணாம், நம்ம பக்கத்துச் சீமை. மஞ்ச எறும்பு கூட்டங்கூட்டமா இறங்கிருச்சு. இதைக் கிறுக்கு எறும்புன்னுதான் உலகத்துல கூப்புடுறாக, போற பாதை அப்படி. கடிக்காது. அமிலத்தைப் பீச்சும். ஆடு மாட்டுக் கண்ணுல பட்டுப் புண்ணாச்சு, பாம்பும் முயலும் செத்துக் கிடந்துச்சு, சனம் ஆடு மேய்க்க மலைக்குப் போகப் பயந்துச்சு. இந்த எறும்பு உலகம் பூராவும் பரவுனது கப்பல் சரக்கோட, கட்டையோட, பண்ணைச் செடியோட மண்ணுல ஒளிஞ்சுதான். பொந்துக் கட்டையை அவிக்காமத் தூக்கிட்டு மதுரைக்குப் போன நீ, ஒரு கப்பலு. சின்னக் கப்பலு.

இன்னொண்ணு. அழகு பாசி அங்க கிடைக்கும், இங்க கிடைக்கும்னு அழகர்மலைக் காட்டுக்குள்ள கை நீட்டிராத. காப்புக்காட்டுல ஒரு சுள்ளி எடுக்குறதுக்கும் சட்டம் இருக்கு, பாரஸ்ட்காரர் உன் இன்ஸ்டாவைப் பாத்துட்டு விட்டுரமாட்டாரு. நம்ம ஓவாமலையில ரெண்டாயிரம் வருசத்து எழுத்து வெட்டியிருக்கு, அந்தப் பாறையில பாசி சுரண்டுறேன்னு போயிராத. அரிட்டாபட்டிப் பக்கம் போகவே போகாத. தமிழ்நாட்டுலயே மொதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு 2022ல அறிவிச்ச மலை. டங்ஸ்டன் எடுக்கப் போறோம்னு ஏலம் விட்டதையே மேலூர்ச் சனம் திரண்டு நின்னு 2025 சனவரியில ரத்துப் பண்ண வச்சுச்சு. டங்ஸ்டனையே விடலை, உன் சீசாவுக்குப் பாசி சுரண்ட விடுவாய்ங்யளா? வேலியோரத்துல விழுந்து கிடக்குறது, நம்ம கிணத்துச் சுவரு, நம்ம கொல்லை. உனக்கு அது தாராளம்.

ஆசை தீந்த பொறகு சீசாவைக் கண்மாய்ல கவுத்துராத. அந்தா பாரு, தண்ணி தெரியாம மூடிக் கிடக்கே ஆகாயத்தாமரை. அதுவும் ஒரு காலத்துல பூ அழகா இருக்குன்னு ஆசையா வளத்ததுதான். இந்த உண்ணிச்செடியும் அப்படித்தான், தோட்டத்துக்கு அழகுன்னு கொண்டுவந்தாக. ஆடுகூடத் தொடமாட்டேங்குது. செடியை வெயில்ல காயப் போட்டு அடுப்புல போடு, மண்ணு மேல கொதிக்கக் கொதிக்க வெந்நியை ஊத்து.

இப்பக் கொண்டுவந்திருக்கியே, இந்தக் கட்டையைப் பாத்தேன். நல்ல கருவேலம், வயிரம் பாஞ்சது, பொந்து இல்லை. பரவாயில்லை, கண்ணு தேறிட்ட. வேப்பமரத்தடியில தனியாக் கிடக்கட்டும், மாடு கட்டுற இடத்துலதான். நாளைக்கு அவிக்கலாம். கொல்லையில விறகடுப்பு இருக்கு, விறகும் இருக்கு. பாத்திரம் மட்டும் நீ மதுரையில இருந்து ஒரு பழைய அண்டாவாத் தூக்கிட்டு வந்துரு. போன தடவை நீ கட்டை அவிச்சது தன் சாம்பார்ச் சட்டியிலதான்னு உங்க அப்பத்தாவுக்கு நேத்துத்தான் தெரியும்.